நிலவாழ் தட்டைப்புழுக்கள்: ஒரு பேரினம் பெயர் பெற்ற வரலாறு

நிலவாழ் தட்டைப்புழுக்கள் என்பவை ஈரமான மண்ணிலும், கற்களுக்கும் மரக்கட்டைகளுக்கும் அடியிலும், இலைச்சருகுகளுக்கு இடையிலும் வாழும் முதுகெலும்பற்ற உயிரினங்கள். பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்த பிளானேரியாவின் தரைவாழ் உறவினர்கள் இவை. பிளானேரியா என்றால் குளத்திலும் ஓடையிலும் வாழ்வது என்றே நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் நிலத்தில் வாழும் தட்டைப்புழுக்கள் மட்டும் உலகில் 800 இனங்களுக்கு மேல் விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு இரத்தம் இல்லை, மூச்சுறுப்பு இல்லை. வாய் தலையில் இல்லை, வயிற்றுப் பக்கத்தின் நடுவில் இருக்கிறது. உணவு போகும் வழியே கழிவு வெளியேறும் வழியும் ஆகும்.

இவற்றுள் தலை அரைவட்டமாக, மண்வெட்டி போல விரிந்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. செய்தித்தாள்களில் 'சுத்தியல் தலைப் புழு' என்று வருவது இதுதான். இந்தக் கூட்டத்தில் ஒரு புதிய பேரினம் எவ்வாறு கண்டறியப்பட்டது, அதற்கு ஏன் 140 ஆண்டுகள் தேவைப்பட்டன, அந்தக் கதையில் இலங்கைக்கும் தமிழ்நாட்டு மலைகளுக்கும் என்ன பங்கு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கக் காலப் பதிவுகள்

நிலத்தில் வாழும் தட்டைப்புழுவை முதலில் அறிவியல் முறையில் பதிவு செய்தவர் டென்மார்க் நாட்டு இயற்கையியலாளர் ஓட்டோ பிரெடரிக் முல்லர். 1774இல் ஐரோப்பிய இனம் ஒன்றுக்கு அவர் பெயரிட்டார். அந்தப் புழு இன்று மைக்ரோபிளானா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அதன் பின்னர் நெடுங்காலம் இந்த உயிரினங்களை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கவனித்தவர்களுள் முக்கியமானவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பல் பயணத்தில் தென்னரைக்கோளத்தின் பல இடங்களில் 12 நிலவாழ் இனங்களை அவர் கண்டார். டாஸ்மேனியாவில் பிடித்த சிலவற்றை ஏறத்தாழ இரண்டு மாதம் உயிரோடு வைத்திருந்தார். ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டியபோது, இரண்டு வாரங்களில் இரு துண்டுகளும் முழுப் புழுவின் வடிவத்தைப் பெற்றதைக் குறித்து வைத்தார். 1844இல் இவற்றைப் பற்றிய சுருக்கமான விவரணையை வெளியிட்டார்.

இதில் ஒரு செய்தி மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. அந்தப் புழுக்களுக்கு டார்வின் உளுத்த மரத்தை உணவாக வைத்ததாக எழுதியுள்ளார். உண்மையில் இவை மரம் தின்பவை அல்ல. மண்புழு, நத்தை, சிறு பூச்சிகள் ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரப் புழுக்கள். கூர்ந்து பார்க்கும் கண் உள்ளவரும் ஒன்றைத் தவறாகக் கருத முடியும் என்பதற்கு இது சான்று.

ஒரே பேரினம், பல பெயர்கள்

அமெரிக்காவின் வட பசிபிக் ஆய்வுப் பயணம் 1853 முதல் 1856 வரை நடந்தது. அதில் இயற்கையியலாளராகச் சென்றவர் வில்லியம் ஸ்டிம்ப்சன். தலை விரிந்த புழுவொன்றை ஜப்பானில் கண்ட அவர், 1857இல் அதற்கு 'பைபேலியம்' என்ற புதிய பேரினத்தை நிறுவினார். இலத்தீனில் இச்சொல் மண்ணைக் கொத்தும் கருவி ஒன்றைக் குறிக்கும். நம் ஊரில் முதலில் கண்டிருந்தால் 'மண்வெட்டித் தலையன்' என்று சொல்லியிருப்போம். அவரது விவரணை இலத்தீனில் அமைந்த சில வரிகள் மட்டுமே. வெளித்தோற்றம் உண்டு, உள்ளுறுப்புகள் பற்றி ஒன்றும் இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரிய விலங்கியலாளர் லுட்விக் கார்ல் ஷ்மார்டா உலகைச் சுற்றி வந்தார் (1853–1857). இலங்கையில் இதே வகைப் புழுவை அவர் கண்டார். 1859இல் வெளியான நூலில் அதற்கு 'ஸ்பைரோசெபாலஸ்' என்ற புதிய பேரினப் பெயரைச் சூட்டினார். கிரேக்கத்தில் இதன் பொருள் 'சுத்தியல் தலை'. அடுத்த ஆண்டே, 1860இல், பெர்சிவல் ரைட் என்பவர் 'டன்லோப்பியா' என்று இன்னொரு பெயர் வைத்தார். ஆக மூன்றே ஆண்டுகளில் ஒரு பேரினத்துக்கு மூன்று பெயர்கள்.

இத்தகைய குழப்பத்தைத் தீர்க்க விலங்கியலில் ஒரு விதி உண்டு. முறையாக முதலில் வெளியிடப்பட்ட பெயரே செல்லும் என்பது அந்த முன்னுரிமை விதி. இரண்டு ஆண்டு முந்திய 'பைபேலியம்' நிலைத்தது. இலங்கையில் பிறந்த 'சுத்தியல் தலை' என்ற பேரினப் பெயர் ஏட்டிலிருந்து நீங்கியது. ஆனாலும் இன்று ஆங்கிலத்திலும் தமிழிலும் பொதுமக்கள் வழங்கும் பெயர் சுத்தியல் தலைப் புழு என்பதே. ஷ்மார்டாவுக்குத் தோன்றிய அதே உவமை மக்களுக்கும் தோன்றியிருக்கிறது.

இலங்கையில் நடந்த ஆய்வுகள்

ஷ்மார்டாவுக்குப் பின் இலங்கைக்கு வந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலோயிஸ் ஹம்பர்ட். அவர் இலங்கையின் நிலவாழ் தட்டைப்புழுக்களில் புதிய இனங்கள் பலவற்றைச் சேகரித்து 1862இல் விவரித்தார். டயானா, புரோசர்பினா என்று உரோமானியப் பெண் தெய்வங்களின் பெயர்களைச் சிலவற்றுக்கு இட்டார். அந்த வெளியீட்டிலேயே அவருடைய நாட்டவரான எடுவர்ட் கிளாபரேட் பைபேலியத்தின் உள்ளமைப்பைப் பற்றித் தனிப் பகுதி எழுதினார். வெளியே பார்த்து எழுதுவதிலிருந்து உள்ளே பார்த்து எழுதுவதற்கு இத்துறை நகர்ந்தது இங்கேதான்.

அடுத்து வந்தவர் ஹென்றி நாட்டிட்ஜ் மோஸ்லி (1844–1891). அவர் புழுவைத் தேடி வந்தவர் அல்லர். 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியா, இலங்கை வழியாகச் சென்றது. அதைக் காண வந்த ஆங்கிலக் குழுவில் ஒருவராக மோஸ்லி திருகோணமலைக்கு வந்து நிறமாலை ஆய்வு செய்தார். கிரகணம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வந்த வேலை முடிந்ததும் அவர் உயிரினங்களைச் சேகரித்தார். அவற்றுள் தட்டைப்புழுக்களும் இருந்தன.

அவற்றை மெல்லிய சீவல்களாக வெட்டி, உருப்பெருக்கியில் பார்த்து, தசை, நரம்பு, உணவுக்குழல், இனப்பெருக்க உறுப்புகள் என ஒவ்வொன்றாக விவரித்தார். இலங்கையின் நிலவாழ் தட்டைப்புழுக்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1874இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் இரண்டு புதிய இனங்களும் இடம்பெற்றன. ஒன்றுக்கு, பேராதனைத் தாவரவியல் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய துவைட்ஸ் என்பவரின் பெயரை இட்டார்.

இங்கே ஒரு துயரமான ஒப்பீடும் உண்டு. மோஸ்லி இலங்கை வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1871 அக்டோபரில், சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. ஸ்டிம்ப்சன் அப்போது சிகாகோ அறிவியல் கழகத்தின் பொறுப்பில் இருந்தார். அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த மாதிரிகளிலும் கையெழுத்துப் படிகளிலும் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது. அடுத்த ஆண்டே அவரும் காலமானார். பைபேலியம் என்று பெயர் வைத்தவரின் உழைப்பு சாம்பலான அதே காலத்தில், அந்தப் பேரினத்தின் உள்ளமைப்பு திருகோணமலைக்கு வந்த ஒருவரால் உலகுக்குத் தெரிய வந்தது.

மோஸ்லி பின்னர் சேலஞ்சர் கப்பலின் புகழ்பெற்ற ஆழ்கடல் பயணத்தில் (1872–1876) கலந்துகொண்டார். அந்தப் பயணத்துக்குப் பின், 1877இல், கேனோபிளானா, டோலிகோபிளானா என்னும் இரண்டு புதிய பேரினங்களை விவரித்தார். இரண்டு பெயர்களும் இன்றுவரை வழக்கில் உள்ளன.

கியூ தோட்டத்துப் புழு

1878இல் மோஸ்லி இன்னொரு புழுவுக்குப் பெயரிட்டார். இலண்டனை அடுத்த கியூ அரசத் தாவரவியல் தோட்டத்தின் வெப்பக் கண்ணாடி வீடுகளில் அது கிடைத்தது. எனவே அதற்குப் 'பைபேலியம் கெவென்சி' என்று பெயர். 'கியூவைச் சேர்ந்தது' என்பது பொருள்.

ஆனால் அது கியூவைச் சேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் குளிரில் வெளியே வாழ முடியாத அந்தப் புழு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து செடிகளின் வேர்மண்ணோடு கப்பலேறிப் போனது. போன இடத்தின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மதுரை அருங்காட்சியகத்தில் பார்த்ததால் ஒரு பொருளை மதுரைப் பொருள் என்று சொல்வது போன்றது இது. இன்று அந்தப் புழு தொட்டிச் செடி வணிகத்தின் வழியே பல வெப்ப நாடுகளுக்கும் பரவியுள்ளது. 30 செ.மீ. வரை வளரக்கூடியது, வால் நுனியைத் துண்டாகப் பிரித்துவிட்டு அதிலிருந்து புதிய புழுவாகப் பெருகுவது. மண்புழுவே அதன் முக்கிய உணவு. மண்புழுவை நம்பி உரக்குழி வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாத விருந்தாளி.

பேரினத்தை எப்படி அறிவது?

புழுவின் நிறத்தையும் கோடுகளையும் மட்டும் நம்பினால் என்ன ஆகும்? எரிசாராயத்தில் போட்ட சில காலத்தில் நிறம் மங்கிவிடும். ஒரே இனத்தில் நிறம் மாறி வருவதும் உண்டு, வேறுவேறு இனங்கள் ஒரே கோட்டுடன் இருப்பதும் உண்டு. ஆகவே உள்ளுறுப்புகள், குறிப்பாக இனப்பெருக்க உறுப்புகள், தேவைப்பட்டன. புழுவை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் வரிசையாகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். அந்த வரிசையை மனத்தில் மறுபடி அடுக்கி உறுப்பின் முழு வடிவத்தை அறிய வேண்டும். கடும் பொறுமை கேட்கும் வேலை.

ஆஸ்திரிய அறிஞர் லுட்விக் ஃபான் கிராஃப் 1899இல் வெளியிட்ட பெருநூல் அதுவரை அறியப்பட்ட நிலவாழ் தட்டைப்புழுக்கள் அனைத்தையும் தொகுத்தது. அதற்கு முன்பே, 1896இல், பைபேலியத்திலிருந்து பிளாகோசெபாலஸ், பெரோசெபாலஸ் என இரண்டு பேரினங்களை அவர் பிரித்திருந்தார். ஆனால் தலையின் வடிவத்தை நம்பிச் செய்த அந்தப் பிரிவுகள் நிலைக்கவில்லை. பின்வந்தவர்கள் அவற்றை மறுபடி பைபேலியத்தோடு சேர்த்துவிட்டனர்.

நூறு ஆண்டுகள் கழித்து உள்ளுறுப்புகளின் அடிப்படையில் புதிய பிரிவுகள் வந்தன. 1998இல் நோவிபைபேலியம் என்ற பேரினம் நிறுவப்பட்டது. 2001இல் ராபர்ட் ஓக்ரென், ரொனால்ட் ஸ்லைஸ் ஆகிய இருவரும் பைபேலியத்துக்குள் இருந்த சில இனங்களைத் தனியே பிரித்தெடுத்தனர். கருமுட்டையைக் கொண்டுவரும் நாளங்கள் பெண் இனப்பெருக்க அறையை முன்பக்கத்திலிருந்து வந்து சேர்கின்றன என்பதே அவற்றின் அடையாளம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. இந்தப் புதிய பேரினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹம்பெர்டியம்'. 1862இல் இலங்கைப் புழுக்களை விவரித்த அதே ஹம்பர்ட்டின் நினைவாக இட்ட பெயர் அது.

உள்ளுறுப்பு ஆராயப்படாத இனங்களை என்ன செய்வது? அவற்றுக்காக 2002இல் 'டைவர்சிபைபேலியம்' என்று ஒரு தற்காலிகக் கூட்டுப் பேரினம் ஏற்படுத்தப்பட்டது. பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிவு ஒதுக்கப்படாத மாணவர்களை ஒரே அறையில் உட்கார வைப்போம் அல்லவா, அது போன்ற ஏற்பாடு. சான்று கிடைத்ததும் ஒவ்வொன்றும் தன் வகுப்புக்குப் போகும். சான்று இல்லாமல் இடம் ஒதுக்குவதைவிட இதுவே நேர்மையானது.

தமிழ்நாட்டு மலைகள்

இந்தியாவின் நிலவாழ் தட்டைப்புழுக்கள் பற்றி வைட்ஹவுஸ் என்பவர் 1919இல் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் எழுதினார். 1930இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பால் டி போஷாம் தென்னிந்திய இனங்களை விவரித்தார். அவர் சூட்டிய இரண்டு பெயர்கள் நமக்கு உடனே விளங்கும். ஒன்று 'தொட்டபெட்டே', மற்றொன்று 'பழனிசியம்'. முதலாவது நீலகிரியின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் பெயர். இரண்டாவது பழனி மலையின் பெயர். இவ்விரண்டும் அப்போது பைபேலியத்தில் வைக்கப்பட்டன. இப்போது ஹம்பெர்டியம் பேரினத்தில் உள்ளன.

ஆகவே இந்தப் பேரினத்தின் உறுப்பினர்கள் நம் மலைகளில் இருக்கிறார்கள். பேரினப் பெயரில் இலங்கையில் உழைத்த ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் இருக்கிறார். இனப்பெயர்களில் நம் மலைகள் இருக்கின்றன. ஆனால் இதுவரை இக்கட்டுரையில் வந்த அறிஞர்களில் தமிழர் ஒருவர்கூட இல்லை. கல்லைப் புரட்டிக் காட்டியவர்கள், காட்டுப் பாதை சொன்னவர்கள், சீசாக்களைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்களில் எவரும் ஒரு புழுவின் பெயரில் இடம்பெறவில்லை.

அண்மைக் காலம்

2022இல் பிரான்சைச் சேர்ந்த ஜான்-லூ ஜஸ்டினும் அவருடைய குழுவினரும் ஹம்பெர்டியத்தில் ஒரு புதிய இனத்தை விவரித்தனர். பிரான்சிலும் இத்தாலியிலும் தோட்டங்களில் கிடைத்த, சுமார் 30 மி.மீ. நீளமுள்ள கறுப்புப் புழு அது. பெருந்தொற்றில் இறந்தவர்களின் நினைவாக அதற்கு 'கோவிடம்' என்று பெயரிட்டனர். ஊரடங்குக் காலத்தில் எழுதிய ஆய்வு அது. அதன் மரபணுவைப் படித்தனர். குடலில் இருந்த உணவின் மரபணுவையும் படித்து, நத்தைகளைத் தின்கிறது என்று அறிந்தனர். டார்வின் உளுத்த மரத்தை வைத்துப் பார்த்த இடத்திலிருந்து இத்துறை வந்துள்ள தூரம் இது. இந்தப் புழுவும் ஆசியாவிலிருந்து செடிகளோடு போயிருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். கியூ தோட்டத்துக் கதை இன்றும் தொடர்கிறது.

கரிசல் மண்ணிலிருந்து ஒரு குறிப்பு

இக்கட்டுரையை எழுதுபவன் வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியில் வாழ்பவன். இது மழை குறைந்த கரிசல் பூமி. பட்டாசுக்கு ஈரம் ஆகாது என்பதால்தான் இத்தொழில் இங்கே வேரூன்றியது. தட்டைப்புழுவுக்கோ ஈரம் இல்லாவிட்டால் உயிர் இல்லை. ஆகவே இந்த ஊரில் அதைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

பணியில் இருந்த காலத்தில் ஓர் ஐப்பசி அடைமழையின்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். தீப்பெட்டிக்கு இங்கே பஞ்சமா? உள்ளே விரல் நீளத்தில் ஒரு புழு. முதுகில் கறுப்புக் கோடு, தலை விசிறி போல. அவள் வீட்டில் நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கிவந்த செடியின் தொட்டிக்கு அடியில் கிடந்ததாம். "இது என்ன சார்?" என்றாள். "அட்டைம்மா, தூரப் போடு" என்றேன். அட்டைக்குத் தலை அப்படி இருக்குமா என்று அவள் மறுபடி கேட்டாள். வகுப்பு மணி அடித்துவிட்டது. மறுநாள் திறந்து பார்த்தபோது பெட்டியின் அடியில் காய்ந்த பசைக்கறை மட்டும் இருந்தது.

பிளானேரியா பாடத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். படமும் வரைந்திருக்கிறேன். ஆனால் அது தீப்பெட்டியில் வந்தபோது எனக்குத் தெரியவில்லை. பாடநூலில் அது குளத்தில் வாழ்ந்ததால், நிலத்தில் அதைப் பார்க்க என் கண் பழகவில்லை. அந்தப் புழு எந்த இனம் என்று இப்போது சொல்ல வழியே இல்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தலையின் வடிவத்தைக் கவனித்துத்தான் ஸ்டிம்ப்சனும் ஷ்மார்டாவும் தொடங்கினார்கள்.

எங்கள் ஊருக்கு அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் அகழாய்வு நடந்துள்ளது. அங்கே ஒரு சிறு மணி கிடைத்தாலும் எந்தக் குழியில், எந்த ஆழத்தில் என்று எழுதி வைக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மணி வெறும் மணிதான். புழுவுக்கும் இதுவே பொருந்தும். மேற்கே செண்பகத்தோப்புக் காடு உள்ளது. அது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்த பகுதி. காப்பகக் காட்டில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் நம் வீட்டுத் தோட்டமும் தொட்டிச் செடிகளும் நம் பொறுப்பில் உள்ளவை.

தட்டைப்புழுவைக் கண்டால் செய்யத் தக்கவை

1. வெறுங்கையால் தொட வேண்டாம். இரண்டு பைபேலியம் இனங்களில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருப்பதாக 2014இல் அறியப்பட்டது.

2. வெட்ட வேண்டாம். ஒன்று பலவாகலாம்.

3. அளவுகோல் அல்லது ஒரு நாணயத்தை அருகில் வைத்து, தலை, முதுகு, வயிறு மூன்றும் தெரியப் படம் எடுக்கவும். நிறம் பின்னர் மங்கிவிடும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே எடுத்த படம் முக்கியம்.

4. நாள், ஊர், இடம், மழை நிலவரம், அருகில் மண்புழுவோ நத்தையோ இருந்ததா என்பதை எழுதி வைக்கவும்.

5. அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்குத் தெரிவிக்கவும். பாதுகாக்க வேண்டுமானால் அடர் எத்தனாலே நல்லது. ஃபார்மலின் மரபணு ஆய்வைக் கெடுக்கும்.

6. புதிய செடி வாங்கினால் தொட்டியின் அடியையும் வேர்மண்ணையும் பார்த்த பிறகே தோட்டத்தில் வைக்கவும்.

ஒரு பேரினம் பெயர் பெறுவதற்கு இலத்தீனில் சில வரிகள், எரிந்துபோன ஒரு சேகரிப்பு, ஒரு சூரிய கிரகணம், ஆயிரக்கணக்கான மெழுகுச் சீவல்கள் எல்லாம் தேவைப்பட்டன. இவற்றுக்கெல்லாம் முன்னால், யாரோ ஒருவர் குனிந்து பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். அப்படிக் கேட்கும் பிள்ளைக்கு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தீப்பெட்டியில் ஓர் ஈரத்துணியையாவது வைத்துக் கொடுப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.